ஏழை சொல் அம்பலம் ஏறிய வரலாறு

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் முன்னோர் நொந்து கண்ட பழமொழி. அறம் என ஒன்று இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அம்பலம் உண்டு, அதில் அமர்ந்து முறை செய்வாரும் உண்டு; ஆனால் எளியவனுடைய சொல்லுக்கு அந்தப் படிகளில் ஏறும் வலிமை இல்லை என்பதையே சொன்னார்கள். படிகளின் உயரத்தை அறிந்தவர் சொல் அது.

சிலப்பதிகாரத்தை இந்தக் கண்கொண்டு ஒருமுறை நோக்குவோம். கோவலன் மதுரைக்கு வேற்றூரான். புகாரில் பொருளிழந்து, பிழைப்புத் தேடி வந்தவன். அவனைக் கள்வன் என்று பழித்த பொற்கொல்லனோ அரண்மனைக்கு அறிமுகமானவன். பொற்கொல்லன் சொல் அரசன் செவியை எட்டியது. கோவலன் சொல் எட்டவில்லை. அச்சிலம்பு யாருடையது, அதனுள் இருக்கும் பரல் யாது என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் வழக்கு அந்த நொடியே முடிந்திருக்கும். அக்கேள்வியைக் கண்ணகி கேட்டாள். அரசனும் உண்மையை ஏற்றான். ஆனால் அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. பாண்டியன் அவையில் நீதி இல்லாமல் இல்லை. வேற்றூரானுக்காக உரிய காலத்தில் பேசுவாரே இல்லை.

பிறந்த மண்ணை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இக்கதை வெறும் பழங்கதை அன்று. வேற்றூரில் ஒருவனுக்கு இடர் வரும்போது, சட்டம் இல்லாமையைவிடச் சட்டத்தின் வாயில் எங்கே என்று தெரியாமையே பெருந்துன்பமாகிறது. அந்த வாயிலை எளியோருக்குக் காட்டும் பணியில் சட்டங் கற்கும் மாணவர்கள் நம் நாட்டில் எவ்வாறு ஈடுபடலாயினர், அப்பணி எதுவரை வந்துள்ளது, எங்கே தயங்கி நிற்கிறது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டங்களில் ஏழையைப் பற்றிய நினைவு முற்றிலும் இல்லாமற் போகவில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், வறியவர் ஒருவர் நீதிமன்றக் கட்டணம் முன்னதாகச் செலுத்தாமலே வழக்குத் தொடர வழி செய்தது. 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பெற்றவர் வழக்கறிஞரை வைத்து வாதாடலாம் என்று உரைத்தது. 'வைத்துக்கொள்ளலாம்' என்பதற்கும் 'தரப்படும்' என்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். பசித்தவனிடம் 'நீ உண்பதற்குத் தடை இல்லை' என்று சொல்வது போன்றது அது. கையில் பொருள் உள்ளவனுக்கு அது உரிமை. இல்லாதவனுக்கு ஏட்டில் எழுதிய எழுத்து.

அந்நாளில் எளியவனுக்கு உண்மையில் தேவைப்பட்டது யாது என்பதைக் கடல் கடந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. 1894ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி தம் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, கிழிந்த ஆடையுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு, அங்கு அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த இளம் வழக்கறிஞர் ஒருவரிடம் வந்து நின்றார். அவ்வழக்கறிஞர் மோகன்தாஸ் காந்தி. அவருக்குப் பாலசுந்தரத்தின் மொழி விளங்கவில்லை. அவரிடம் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் எடுத்துரைக்கவே செய்தி முழுதும் தெரிந்தது. காந்தியடிகள் முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்று பெற்றார். பின்னர் நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். இறுதியில் அத்தொழிலாளியை வேறொரு முதலாளியிடம் மாற்றி விடுவித்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. நீண்ட வாதம் எதுவும் நீதிமன்றத்தில் நிகழவில்லை. முதலில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டாவதாக ஒருவர் மொழிபெயர்த்தார். மூன்றாவதாக ஒரு சான்று பெறப்பட்டது. நான்காவதாக உரிய அதிகாரியின் வாயில் தட்டப்பட்டது. இந்நான்கும் நடந்தன, ஒரு மனிதர் அடிமை நிலையிலிருந்து மீண்டார். இவற்றுள் கறுப்பு அங்கி அணிந்தவர் மட்டுமே செய்யத்தக்கது எத்தனை? பயிற்சியும் பரிவும் உடைய ஒரு மாணவர் செய்யத்தக்கது எத்தனை? இவ்வினாவை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1920களில் பம்பாயில் ஏழைகளுக்கு உதவ ஒரு சட்ட உதவிச் சங்கம் தோன்றியது. நாடு விடுதலை பெற்றபின், 1949இல், பம்பாய் மாநிலத்தில் நீதிபதி என். எச். பகவதி தலைமையிலும், மேற்கு வங்கத்தில் நீதிபதி டிரெவர் ஹாரிஸ் தலைமையிலும் குழுக்கள் அமைந்து, ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பது பற்றி ஆராய்ந்தன. திட்டங்கள் வகுக்கப்பட்டன, பணம் ஒதுக்கப்படவில்லை. புதிய அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்து, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று முழங்கிற்று. எனினும் 1951இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளில் பழைய நிலையே நிலைத்தது. தாரா சிங் என்பவர் வழக்கில், வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வாய்ப்பளிப்பதே நடுவரின் கடமை, அரசு செலவில் ஒருவரைத் தருவது சட்டம் தந்த உரிமை அன்று என்று கூறப்பட்டது.

1958இல் எம். சி. செதல்வாட் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் தன் 14ஆம் அறிக்கையை அளித்தது. நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்துவது பற்றிய அவ்வறிக்கை, ஏழைக்குச் சட்ட உதவி இல்லையேல் சமநீதி என்பது பொருளற்றுப் போகும் என்பதை வலியுறுத்தி, அது அரசின் கடமை என்று காட்டியது. அறிக்கை வந்தது, பாராட்டுப் பெற்றது, அலமாரியில் அமர்ந்தது. நிதி இல்லை என்பதே பல மாநிலங்களின் மறுமொழியாக இருந்தது.

இதற்கிடையில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் பிறந்தது. நாடெங்கும் சிதறிக் கிடந்த பலவகைச் சட்டத் தொழிலாளரை ஒரே வகுப்பாக்கி, பதிவுபெற்ற வழக்கறிஞரே நீதிமன்றங்களில் தொழில் புரியலாம் என்று அது வரையறுத்தது. தொழிலின் மதிப்பைக் காக்க அவ்வரையறை தேவையே. ஆனால் அதனால் மாணவனுக்கும் மன்றத்துக்கும் இடையே ஒரு சுவரும் எழுந்தது. குறிப்பிட்ட ஒரு வழக்கில் மட்டும் வழக்கறிஞர் அல்லாத ஒருவரைப் பேச நீதிமன்றம் தன் விருப்பின்படி இசையலாம் என்று ஒரு சிறு சாளரம் அச்சட்டத்தில் உண்டு. அது விதிவிலக்கே அன்றி வழி அன்று. ஆதலின், வாதாட இயலாத மாணவன் வேறு என்ன செய்வான் என்ற கேள்வி சட்டக் கல்லூரிகளில் எழுந்தது.

விடையை மருத்துவக் கல்லூரி அளித்தது. மருத்துவம் பயில்பவன் நூலை மட்டும் படித்து மருத்துவன் ஆவதில்லை. ஆசிரியர் அருகில் நிற்க, நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்துப் பழகுகிறான். நோயாளிக்கும் பயன், மாணவனுக்கும் பயன். சட்டக் கல்வியில் மட்டும் மனிதர் முகத்தையே காணாமல், தீர்ப்புத் தொகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் பெற்று வெளியேறுவது ஏன்? இச்சிந்தனையின் பயனாகவே, மருத்துவத்திற்குரிய 'கிளினிக்' என்னும் சொல் சட்டத்திற்கும் வந்து சேர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தின் ஆசிரியரும் மாணவரும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமாகவே முன்வந்து இத்தகைய சட்டப்பணி மையம் ஒன்றை நடத்தத் தொடங்கினர். அது தேர்வுக்குரிய பாடமாக இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, தன்னார்வமே அதன் முதல். பிற்காலத்தில் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கிப் புகழ்பெற்ற பேராசிரியர் என். ஆர். மாதவ மேனன், அக்காலத்தில் தில்லிச் சட்டப் புலத்தில் பணியாற்றியவர். செயல்வழிச் சட்டக் கல்வியை நாடெங்கும் பரப்பியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்.

அதே வேளையில் அரசின் போக்கிலும் மாறுதல் தெரிந்தது. 1970இல் குஜராத் அரசு அமைத்த சட்ட உதவிக் குழுவுக்கு நீதிபதி பி. என். பகவதி தலைவரானார். 1949இல் பம்பாய்க் குழுவுக்குத் தலைமை தாங்கிய நீதிபதியின் மைந்தர் இவர். தந்தை தொடங்கிய பணி தனயன் கையில் வளர்ந்தது என்னலாம். 1972இல் மத்திய அரசு வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அது 1973 மே மாதத்தில் அறிக்கை தந்தது. சட்டக் கல்லூரிகளைச் சட்ட உதவியின் உறுப்புகளாகக் கருத வேண்டும், மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் மக்களிடம் செல்ல வேண்டும் என்பது அவ்வறிக்கை காட்டிய வழிகளுள் ஒன்று. 1977இல் பகவதி, கிருஷ்ண ஐயர் இருவரும் சேர்ந்து அளித்த அறிக்கையும் இதே திசையில் சென்றது. கட்டடத்தில் அமர்ந்து ஏழையை எதிர்பார்க்கும் உதவி போதாது. ஏழை இருக்குமிடம் தேடிச் செல்லும் உதவியே வேண்டும் என்பது இவ்வறிக்கைகளின் உள்ளுறை. தேடிச் செல்வதற்குக் கால்கள் வேண்டும் அல்லவா? அக்கால்களை இளைஞரிடம் கண்டனர்.

1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் 39அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டு, 1977 ஜனவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதாரக் குறையாலோ வேறு இயலாமையாலோ எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது. அதற்கென அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முன்னர் 1973இல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அமர்வு நீதிமன்ற விசாரணையில் வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு அரசு செலவில் ஒருவரைத் தர வேண்டும் என்று விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது.

ஏட்டில் உரிமை வந்துவிட்டது. சிறைக்குள் அது சென்று சேர்ந்ததா? 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹோஸ்கோட் என்பவர் வழக்கில், தீர்ப்பின் நகல் கைதியின் கைக்கு உரிய காலத்தில் வந்து சேராத நிலை வெளிப்பட்டது. ஒரு தாள் கைக்கு வராமையால் மேல்முறையீட்டு உரிமையே பயனற்றுப் போயிற்று! நகலைக் காலத்தில் இலவசமாகத் தர வேண்டும், தேவைப்படும் கைதிக்கு வழக்கறிஞரையும் தர வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுதினார். அடுத்த ஆண்டு, 1979 ஜனவரி 8, 9 ஆகிய நாள்களில், பீகார்ச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் படும் துன்பத்தைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழில் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றைக் கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோராணி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஹுசைனாரா காத்தூன் என்பவரின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில் வெளிவந்த செய்தி நாட்டையே திகைக்க வைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் கடந்து பலர் விசாரணைக்காகவே சிறையில் கிடந்தனர். பிணைப் பணம் கட்ட ஆள் இல்லை. பிணை கேட்கலாம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

இவ்விடத்தில்தான் மாணவனுடைய பேனாவும் வரலாற்றில் இடம்பெறுகிறது. 1981இல் ஆக்ராவில் பெண்கள் காப்பகம் ஒன்றின் இழிநிலையைச் சுட்டித் தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இருவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. அதே சட்டப் புலத்தில் மூன்றாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் தில்லிப் பெண்கள் விடுதியின் நிலை குறித்து மனுச் செய்தனர். அதையும் நீதிமன்றம் ஏற்றது. 1981 டிசம்பர் 30 அன்று வெளியான எஸ். பி. குப்தா வழக்கின் புகழ்பெற்ற தீர்ப்பில், நீதிபதி பகவதி இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, தனக்காகப் பேச இயலாதவருக்காக நல்லெண்ணம் உடைய எவரும் நீதிமன்றத்தை அணுகலாம் என்னும் கொள்கையை நிலைநாட்டினார். பட்டம் பெறாத ஒரு மாணவர் எழுதிய மனு, நாட்டின் தலைமை மன்றத்தின் தீர்ப்பில் முன்மாதிரியாக நின்றது. ஏழை சொல் அம்பலம் ஏறிய நாள்களுள் அதுவும் ஒன்று.

இவ்வழி நம்மவருக்கும் பயன்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் பகுதிக் கல்லுடைப்புக் குவாரிகளில் கொத்தடிமைகளாகத் துன்புறுவதை 1982 செப்டம்பரில் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டது. அச்செய்தித் துணுக்கைக் கத்தரித்து ஒரு கடிதத்துடன் இணைத்து உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார் முகேஷ் அத்வானி என்னும் வழக்கறிஞர். அது வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1985இல் தீர்ப்பு வந்தது. அத்தொழிலாளர்களுக்கு அவ்வூர் மொழி தெரியாது. அவ்வூர் நீதிமன்றம் எங்கே என்பதும் தெரியாது. அவர்கள் பெயர் எதுவும் அறியாத ஒருவர் எழுதிய கடிதமே அவர்களுக்கு நாவாயிற்று.

உரிமை உண்டு என்பதை அறியாதவனுக்கு அவ்வுரிமை இருந்து என்ன பயன்? பாகல்பூரில் கண் பறிக்கப்பட்ட விசாரணைக் கைதிகள் தொடர்பான 1981ஆம் ஆண்டு வழக்கில், அவர்கள் கேட்கவில்லை, ஆகையால் வழக்கறிஞர் தரப்படவில்லை என்று சமாதானம் சொல்லப்பட்டது. அதை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1986இல் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் என்பவர் வழக்கில், இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை அறிவிக்காமலே விசாரணை நடத்தித் தண்டித்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எழுத்தறியாத மக்கள் தாமாக வந்து உரிமை கேட்பர் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. அவர்களிடம் சென்று சட்ட அறிவைப் பரப்புவது சட்ட உதவி இயக்கத்தின் தலையாய பணி என்று தலைமை நீதிபதி பகவதி அதில் எடுத்துரைத்தார். சட்ட மாணவர்கள் சிற்றூர்களுக்கும் சேரிகளுக்கும் செல்ல வேண்டிய காரணம் இதைவிடத் தெளிவாகக் கூறப்படவில்லை.

பின்னர் அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் செயற்பட்டது. அந்நாளே ஆண்டுதோறும் சட்டப் பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தேசிய அளவிலும், மாநிலம், மாவட்டம், வட்டம் ஆகிய நிலைகளிலும் ஆணைக்குழுக்களும் குழுக்களும் எழுந்தன. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியே ஆவார். சட்டக் கல்வியிலும் மாறுதல் வந்தது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், ஒவ்வொரு சட்டக் கல்வி நிறுவனமும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்று பணித்தன. மூன்றாண்டுப் படிப்பினருக்கு 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பினருக்கு 20 வாரமும் களப்பயிற்சி கட்டாயமாயிற்று. 2009இல் தேசிய ஆணைக்குழு வகுத்த சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வழக்கறிஞராகப் பதிவு பெறும் வரை சட்ட மாணவரும் சேரலாம் என்று இடம் அளிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், கல்லூரி ஒன்று ஒரு சிற்றூரைத் தனதாக ஏற்றுக்கொண்டு அங்குப் பணி செய்யவும் வழி காட்டின. தில்லியில் தன்னார்வமாகத் தோன்றியது நாடெங்கும் விதியாயிற்று.

விதியானது நன்மையே. ஆயினும் ஒன்றை மறைத்துப் பேசலாகாது. தன்னார்வம் கடமையாகும்போது, கடமை சடங்காகும் இடர் எப்போதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிற்றூருக்குச் சென்று, பந்தலின்கீழ் உரை நிகழ்த்தி, துண்டறிக்கை வழங்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது சட்ட உதவி ஆகாது. முதியோர் உதவித்தொகை நின்றுபோன மூதாட்டி அன்று கொடுத்த மனு என்னவாயிற்று என்று அடுத்த மாதம் கேட்கச் செல்பவரே உதவியவர். மாணவனுக்குத் தேர்வு வரும், விடுமுறை வரும், படிப்பு முடிந்து அவன் ஊர் போய்விடுவான். மூதாட்டியின் வழக்கோ விடுமுறை அறியாது. ஆதலின் ஒவ்வொருவர் குறையையும் பதிவேட்டில் எழுதி, சென்ற ஆண்டு மாணவனிடமிருந்து இவ்வாண்டு மாணவன் முறையாகப் பெற்றுக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும். அரைகுறை அறிவுடன் சொல்லும் யோசனையால் மனுவுக்குரிய காலவரம்பு கடந்துவிடுமாயின் உதவியே தீங்காய் முடியும். ஆதலின் ஆசிரியர் கண் பார்வையும் வழக்கறிஞர் துணையும் இன்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. கேட்ட செய்தியை வெளியே பேசாமையும், கைம்மாறு பெறாமையும் இப்பணியின் உயிர்நாடி.

இவ்வரம்புகளுக்குள் மாணவன் செய்யத்தக்கன பல. பாலசுந்தரத்தின் கதையில் கண்ட நான்கையும் நினைவு கூர்வோம்: கேட்டல், மொழிபெயர்த்தல், சான்று திரட்டல், உரிய வாயிலைத் தட்டல். கூலி தராத ஒப்பந்தக்காரர்மீது தொழிலாளர் துறைக்கு மனு எழுதலாம். குடும்ப அட்டை மறுக்கப்பட்டவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதித் தரலாம். சிறைக்குச் சென்று, பிணை கிடைத்தும் பிணையாள் இல்லாமையால் உள்ளே இருப்பவர் எவர் என்று பட்டியல் எடுத்து மாவட்ட ஆணைக்குழுவிடம் சேர்க்கலாம். இவை எதற்கும் கறுப்பு அங்கி வேண்டியதில்லை. கூர்ந்த செவியும் திருத்தமான கையெழுத்தும் போதும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதிலே தனி அக்கறை உண்டு. நம்முள் மாளிகையில் வாழ்வோரும் உண்டு. கட்டடம் கட்டும் களத்திலும், சாலையோரக் கடையிலும், பிறர் வீட்டு அடுப்படியிலும் பாடுபடுவோரும் உண்டு. உள்ளூரில் நிலமோ வீடோ உடைய பிணையாள் ஒருவரைத் தேடிப் பிடிப்பது இவர்களுக்கு எளிதன்று. காவல் நிலையத்தில் எழுதிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பமிடும் நிலையும் நேர்வதுண்டு. குற்றம் சாட்டப்பெற்றவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், அவர் அறிந்த மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. இவ்விதியைக் கேட்டுப் பெற ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

எவர் எவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் தன் சுவரில் எழுதி வைத்தல் நலம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர், கொத்தடிமையாலும் ஆட்கடத்தலாலும் துன்புற்றோர், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் சிக்கியோர் ஆகியோருக்கும் உண்டு. குறித்த வரம்புக்குக் கீழ்ப்பட்ட வருமானம் உடைய பிறருக்கும் உண்டு. எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்பது இதில் கேள்வியே அன்று. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று இம்மாநிலங்களின் சட்டக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களிடம் ஒரு செல்வம் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; தெருவில் மராத்தியோ கன்னடமோ வங்காளமோ இந்தியோ பேசுகிறார்கள்; கல்லூரியில் ஆங்கிலத்தில் சட்டம் படிக்கிறார்கள். டர்பனில் காந்தியடிகளும் அவருடைய தமிழ் எழுத்தரும் இருவராகச் செய்த பணியை இப்பிள்ளை ஒருவராகவே தொடங்க வல்லவர். தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஓர் அறையைத் திறந்து வைத்து, அருகிலுள்ள கல்லூரியின் சட்ட உதவி மையத்தோடும் மாவட்ட ஆணைக்குழுவோடும் தொடர்பு கொண்டு, இம்மாணவர்களை அங்கே அமரச் செய்தல் கூடும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு பதிவேடு, மூத்த வழக்கறிஞர் ஒருவரின் இரண்டு மணி நேரம்: இவை போதும். தமிழர்க்கு மட்டும் என்று அக்கதவை அடைத்து வைக்கவும் வேண்டா. அவ்வூரின் ஏழையும் அதே படிகளின் கீழேதான் நிற்கிறான்.

1951இல் 'வாய்ப்பளித்தாற் போதும்' என்று சொன்ன நாடு, 1986இல் 'அறிவிக்காமற் போனாலே விசாரணை செல்லாது' என்று சொல்லும் நிலைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்தது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும், பெயர் விளங்காத மாணவர்களும் அவ்வழியைச் சமைத்தனர். இனி எஞ்சியிருப்பது சட்டப் புத்தகத்துக்கும் குடிசை வாயிலுக்கும் இடையே உள்ள சில கல் தொலைவே. அத்தொலைவை நடந்தே கடக்க வேண்டும். நடப்பதற்குரிய வயது மாணவப் பருவம். அவர்கள் நடக்கட்டும், அவர்கள் வந்து தட்டும்போது நம் சங்கங்களின் கதவுகள் திறந்திருக்கட்டும்.